கொதிநிலை

ஒன்பதாம் வகுப்பு ஆய்வகம். ஜன்னல் ஏறிக் குதித்து
மூடுபனியும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.
பீக்கரில் தண்ணீர் கொப்பளித்தது, துள்ளியது.
வெப்பமானிப் பாதரசம் மட்டும் தொண்ணூற்றைந்தில் நின்று
இதற்கு மேல் வர மாட்டேன் என்றது.

விளக்குத் திரியை இழுத்துவிட்டோம். தொண்ணூற்றைந்து.
வேறு வெப்பமானி வாங்கி வந்தோம்.
தொண்ணூற்றைந்து.

புத்தகத்தில் நூறு என்று இருந்தது.
நூறு என்று எழுதினேன்.
முப்பத்தெட்டுப் பேர் எழுதினோம்.
பக்கத்தில் நின்ற எஸ்தர்
(பதிவேட்டில் அப்போது வேறு பெயர்,
அதை நான் எழுதப்போவதில்லை)
கண்டதை எழுதினாள்.

ஆரோக்கியசாமி சார் சிவப்பு மையில் சுழித்தார்.
"தண்ணிகூட உனக்கு மட்டும் வேற மாதிரி கொதிக்குமாடா?"
வகுப்பு சிரித்தது. நானும்தான்.
அந்த 'டா'வில் அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.
அதையும் எழுதவில்லை.

பிறகெப்போதோ, காற்றழுத்தம் என்ற தலைப்பில்,
அரைப் பக்கம் வந்தது:
நூறு என்பது கடல்மட்டத்துக் கணக்கு.
நாங்கள் இருந்தது ஐயாயிரம் அடிக்குக் கிட்டே.
செங்காட்டில் எல்லா வீட்டுக் குக்கருக்கும் தெரிந்திருந்தது,
கூட இரண்டு விசில் விட்டுக்கொண்டிருந்தது.
அதை அறிவியல் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது சேலத்தில், ஐந்து ரோட்டுக்குப் பக்கம்,
ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை.
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
வெறும் வயிற்றோடு வந்திருந்தாள் எஸ்தர்.
"நரம்பு சிக்காது. ரெண்டு மூணு தடவ குத்துவாங்க, பழகிருச்சு."
முதல் குத்திலேயே சிக்கியது.
இருவருக்கும் எதற்கென்று தெரியாமல் சிரிப்பு வந்தது.

எந்திரம் எண்ணைச் சொல்லிவிட்டது.
கணினிதான் விடவில்லை: ஆணா, பெண்ணா?
ஆண் என்று அழுத்தினால்
அவளுடைய டெஸ்டோஸ்டீரோன் மிகக் குறைவு,
தடித்த எழுத்து, பக்கத்தில் நட்சத்திரம்.
பெண் என்று அழுத்தினால் அதே எண்
சமர்த்தாக வரிசையில் நிற்கிறது.
இரண்டும் அதே மூன்று மில்லி ரத்தம்.

மற்றவை என்று ஒன்று உண்டு.
அழுத்தினால் 'இயல்பு அளவு' கட்டம் காலியாக அச்சாகும்.
இவர்களை இன்னும் யாரும் அளக்கவில்லை
என்பதுதான் பொருள்.
தாளைப் புரட்டுகிறவர் கண்ணுக்கோ
இவளிடம் இயல்பே இல்லை என்று படிக்கும்.

இந்த இயல்பு அளவு எங்கிருந்து வருகிறது என்று
ஒருநாள் ரசாயனப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளைப் பிரித்தேன்.
எறும்பெழுத்து. நலமாக இருக்கும் சில நூறு பேர்,
எந்த ஊரோ, எந்தக் கடலோரமோ.
அவர்களில் நடுவே நிற்கும்
தொண்ணூற்றைந்து சதவீதம்.
மறுபடி அதே எண்!
நூற்றுக்கு ஐந்து பேர், ஒரு நோயும் இல்லாமலே,
கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்.
கணக்கே அப்படி.

"எதுல போடட்டும்?" என்று கேட்டேன்.
கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது,
அவளுக்கு இல்லை.
"பொண்ணுன்னு போடு. கார்டுல அதான இருக்கு.
ஆனா ஒண்ணு, எனக்கு அம்பது வயசாகி
புராஸ்டேட் டெஸ்ட் எடுக்கணும்னா
ஒன் கம்ப்யூட்டர் விடுமா?"

விடாது. தெரியும். இருந்தும் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.
'பொருந்தாது' என்றது சிவப்பில்.

"அப்ப தண்ணி இன்னும் நூறுலதான் கொதிக்குது" என்றாள்.

சரிபார்த்தவர் கையொப்பம் என்ற கோட்டின் மேல்
என் பேனா நின்றது.
ஆறு மணி பஸ்ஸுக்கு எழுந்துவிட்டாள்.
"சீக்கிரம் குடு. போய் ஒல வைக்கணும்.
நம்மூர்ல சோறு வேக நேரமாவும்."